ஹவுத் புல்வெளியும் எல்லைக்கோடும்



ஒரு நாட்டின் ஆட்சியைப் பற்றிப் பேச முற்படும்போது நாம் பெரும்பாலும் தலைநகரிலிருந்து தொடங்குகிறோம். தலைநகர் எது, மாவட்டங்கள் எத்தனை, எல்லைகள் எவை என்று வரிசையாகக் கேட்கிறோம். உழுது பயிரிட்டு ஓரிடத்தில் நிலைத்து வாழும் மக்களுக்கு இந்த முறை பொருந்தும். மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுதும் நடந்துகொண்டே இருக்கும் மக்களுக்கு இது பொருந்துமா? அவர்கள் நாட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவ்வாண்டு மழை எங்கே பெய்தது என்பதே ஆகும்.

ஆப்பிரிக்காவின் வடகிழக்கு முனையில் சோமாலியர் வாழும் நிலப்பகுதிகளுள் ஹவுத் என்னும் புல்வெளி இத்தகையது. அதன் ஒரு பகுதி இன்று சோமாலிலாந்திலும், பெரும்பகுதி எத்தியோப்பியாவிலும் கிடக்கிறது. அதனை இரண்டாக வகுத்த கோடு 1897-ஆம் ஆண்டில் காகிதத்தில் இடப்பட்டது. அந்தக் கோட்டின் வரலாற்றைக் கூறும்போது பம்பாயையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஏனெனில், அந்தக் கடற்கரையில் பிரிட்டிஷ் ஆட்சி கால் ஊன்றிய நாளில், அதன் கணக்குகள் ஏடன் வழியாக இந்திய அரசாங்கத்துக்கே வந்து சேர்ந்தன.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஏடன் வளைகுடாவின் தென்கரையில் பெர்பெராத் துறைமுகத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடப்பதாக வைத்துக்கொள்வோம். கடலோரமாக நீண்டு கிடப்பது குபன் என்னும் சமவெளி. அச்சோமாலிச் சொல்லுக்கு எரிந்துபோனது என்று பொருள். கோடையில் அங்கே வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிடும். அந்த மாதங்களில் பெர்பெரா மக்களுட் பலர் மலைப்பக்கம் சென்றுவிடுவது வழக்கம். பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஷேக் என்னும் மலையூருக்கு இடம்பெயர்வர். சமவெளியைக் கடந்தால் மலைத்தொடர் எதிர்ப்படுகிறது. கிழக்கே செல்லச் செல்ல உயரும் இம்மலைகள் ஷிம்பிரிஸ் சிகரத்தில் 2,400 மீட்டரையும் தாண்டுகின்றன. பண்டை நாள் முதல் உலகம் விரும்பி வாங்கிய குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் இந்நாட்டு மரங்களின் பிசினே.

மலையின் மறுபக்கத்தில் ஓகோ என்னும் மேட்டுநிலம் உள்ளது. வறண்ட ஆற்றுப்படுகைகளில் தோண்டிய கிணறுகள் இங்கே உண்டு. ஹர்கேசா, புராவ் முதலிய ஊர்கள் அக்கிணறுகளை ஒட்டியே எழுந்தன. மேலும் தெற்கே சென்றால் தரை மெல்லத் தாழ்ந்து பரந்து விரிகிறது. செம்மண் தரை, முட்புதர்கள், ஆளுயரக் கரையான் புற்றுகள், மழை பெய்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் புல். இதுதான் ஹவுத். இங்கே வற்றாத நீர்நிலை அரிது. புல் மிகுந்த இடத்தில் நீர் இல்லை. நீர் உள்ள இடத்தில் புல் போதவில்லை. சோமாலியரின் வாழ்க்கை முறை முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து பிறந்தது என்று கூறினால் மிகையாகாது.

ஆண்டை அவர்கள் நான்கு பருவங்களாக வகுத்துள்ளனர். ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்யும் பெருமழைக்காலம் கூ. அதன் பின் வரும் வெப்பக்காலம் ஹகா. அக்டோபரையும் நவம்பரையும் ஒட்டிய சிறுமழைக்காலம் தேர். டிசம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் கொடிய வறட்சிக்காலம் ஜிலால். ஜிலாலில் மந்தைகள் வடக்கே கிணறுகளை ஒட்டி நெருங்கிக் கிடக்கும். கூ மழை விழுந்த செய்தி வந்தவுடன் குடும்பங்கள் தெற்கே ஹவுத்துக்குப் புறப்படும். வளைத்த கழிகளாலும் பாய்களாலும் ஆன குடிலைப் பெண்கள் பிரித்துப் பொதி ஒட்டகத்தின்மீது ஏற்றுவர். புதிய இடத்தில் அதனை மீண்டும் எழுப்புவதும் அவர்கள் வேலையே. ஆடுகளுக்கு அடிக்கடி நீர் காட்ட வேண்டும். ஆகையால் அவை குடும்பத்துடன் கிணற்றுக்கு எட்டும் தூரத்தில் மேயும். ஒட்டகங்களோ பசும்புல் கிடைக்குமாயின் வாரக்கணக்கில் நீரின்றி இருக்கும். அவற்றை இளைஞர்களும் சிறுவர்களும் ஓட்டிக்கொண்டு நெடுந்தொலைவு சென்றுவிடுவர். அந்நாட்களில் பாலே அவர்களுக்கு உணவும் நீரும் ஆகும்.

இவ்வாறு அலைந்து வாழ்வோரிடம் ஆட்சி என்று ஒன்று இருந்ததா என்னும் ஐயம் எழலாம். இருந்தது. ஆனால் அது நிலப்பரப்பைக் கொண்டு அமையவில்லை; உறவு முறையைக் கொண்டு அமைந்தது. ஒவ்வொரு குலப்பிரிவும் தனக்குள்ளும், அயல் குலங்களோடும், ஹீர் எனப்படும் ஒப்பந்த வழக்கைக் கொண்டிருந்தது. மூத்தோர் மரநிழலில் கூடி வழக்குத் தீர்ப்பர். அக்கூட்டத்துக்கு ஷிர் என்று பெயர். கொலை நிகழ்ந்தால் ஆணுயிருக்கு 100 ஒட்டகம், பெண்ணுயிருக்கு 50 ஒட்டகம் என்பது பழைய ஈட்டுக் கணக்கு. அதனைக் கொன்றவன் ஒருவனே கொடுப்பதில்லை. அவனைச் சேர்ந்த குழு முழுவதும் பொறுப்பேற்றுக் கொடுக்கும். கிணற்றைத் தோண்டியவர்க்கு அதன்மேல் உரிமை உண்டு. புல்லுக்கு மட்டும் உரிமையாளர் இல்லை. அது மழை தந்தது, ஆகவே பொதுவானது. இந்தப் பொதுவுரிமையை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே அச்சாணி.

இனி ஐரோப்பியர் வருகைக்கு வருவோம். 1839-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கத்தின் படை ஏடனைக் கைப்பற்றியது. அதன்பின் 1932 வரையில் ஏடன் பம்பாய் மாகாணத்தின் கீழேயே இருந்தது. கரும்பாறையாலான அந்தத் துறைமுகத்தில் புல்லும் விளையாது, ஆடும் வளராது. அங்கிருந்த படையினருக்கும் மக்களுக்கும் வேண்டிய இறைச்சி, ஏறத்தாழ 160 மைல் தொலைவில் எதிர்க்கரையில் இருந்த பெர்பெராவிலிருந்தே வந்தது. பெர்பெராவில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு பெருஞ்சந்தை கூடும். ஹரார் நகரிலிருந்தும் ஒகாடேனிலிருந்தும் ஒட்டகச் சாத்துகள் தோலும் நெய்யும் பிசினும் ஆடுகளும் கொண்டுவரும். இந்தியாவிலிருந்து வந்த பனியா வணிகர்கள் அரிசியும் துணியும் தந்து அவற்றை வாங்குவர். பம்பாய்ப் படையைச் சேர்ந்த ரிச்சர்டு பர்ட்டன் 1854-55-இல் அந்நாட்டில் பயணம் செய்து இந்தச் சந்தையைப் பற்றி விரிவாக எழுதினார்.

பெர்பெராவையும் ஹராரையும் சிறிது காலம் ஆண்ட எகிப்தியர் 1884-85-இல் விலகினர். பிரெஞ்சுக்காரர் வந்து அமர்ந்துவிட்டால் ஏடனின் உணவு என்ன ஆவது என்ற கவலை பிரிட்டிஷாருக்கு எழுந்தது. ஏடனில் பணிபுரிந்த மேஜர் ஹன்ட்டர் முதலிய அதிகாரிகள் 1884 முதல் 1886 வரை சோமாலிக் குலத்தார் பலரோடு தனித்தனியே உடன்படிக்கை செய்தனர். தம் நிலத்தைப் பிரிட்டிஷாருக்கன்றி வேறு எவருக்கும் விற்பதில்லை, ஒற்றி வைப்பதில்லை, குடியேறக் கொடுப்பதில்லை என்று குலத்தார் வாக்களித்தனர். தம் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளவே இதனைச் செய்கிறோம் என்பதும் அவ்வுடன்படிக்கைகளில் எழுதப்பட்டிருந்தது. 1898 வரையில் இந்தப் பாதுகாப்பு நாடு ஏடனிலிருந்த ரெசிடென்டின் வழியாக இந்திய அரசாங்கத்தால் ஆளப்பட்டது. பிறகு லண்டனில் வெளிநாட்டு அலுவலகத்துக்கும், 1905-இல் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கும் மாற்றப்பட்டது. அதற்குப் பின்னரும் 1940 வரை அங்கே புழங்கியது இந்திய ரூபாயே. நீதிமன்றங்களில் இந்தியத் தண்டனைச் சட்டமே செல்லுபடியாயிற்று.

நல்லது, அடுத்து நடந்தது என்ன? 1896-இல் அத்வா என்னுமிடத்தில் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக் இத்தாலியப் படையை முறியடித்தார். ஆப்பிரிக்காவில் ஒரு புதிய வல்லரசு எழுந்துவிட்டதை ஐரோப்பா கண்டது. அப்போது சூடானில் போரில் ஈடுபட்டிருந்த பிரிட்டன், மெனலிக்கின் நட்பை நாடியது. ரென்னல் ராட் என்ற தூதர் அடிஸ் அபாபாவுக்குச் சென்றார். 1897 மே 14-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி கிழக்குத் தீர்க்கரேகை 44-உம் வடக்கு அட்சரேகை 9-உம் கூடும் புள்ளியிலிருந்து, தீர்க்கரேகை 47-உம் அட்சரேகை 8-உம் கூடும் புள்ளி வரை ஒரு நேர்கோடு எல்லையாயிற்று. நேர்கோட்டுக்குக் கிணறும் தெரியாது, மழையும் தெரியாது. ஹவுத்தின் பெரும்பகுதி அக்கோட்டுக்குத் தெற்கே எத்தியோப்பியாவின் பக்கம் போயிற்று.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நிலத்தைப் பிறருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்த குலத்தார் எவரும் இம்முறை கலந்தாலோசிக்கப்படவில்லை. இருபுறத்து மக்களும் மறுபுறத்து மேய்ச்சல் நிலங்களையும் அருகிலுள்ள கிணறுகளையும் பயன்படுத்தலாம், ஆனால் அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கத்து அரசின் ஆணைக்கு உட்பட வேண்டும் என்று மட்டும் ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. கோட்டை வரைந்தவர்களே, அந்தக் கோட்டை மந்தைகள் கடந்தே தீரும் என்பதை இவ்வாறு ஒப்புக்கொண்டனர். ஆயினும் கடந்து செல்லும் உரிமையை யார் காப்பது, தகராறு எழுந்தால் யார் தீர்ப்பது என்பதற்கு அந்த ஏற்பாட்டில் வழி செய்யப்படவில்லை. பின்னாளைய துன்பங்களுக்கு வித்து இந்தக் குறையில்தான் கிடந்தது.

உடனடியாக இக்கோடு எவருக்கும் புலப்படவில்லை. தரையில் அடையாளம் ஏதும் இல்லாததால் மந்தைகள் முன்போலவே சென்று வந்தன. மேலும் 1899 முதல் 1920 வரை சையத் முகம்மது அப்துல்லா ஹசன் தலைமையில் எழுந்த தர்வேஷ் கிளர்ச்சி அந்நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. அதை அடக்க இந்தியச் சிப்பாய்களும் அனுப்பப்பட்டனர். 1903 ஏப்ரலில் கும்புரு என்னுமிடத்தில் அழிந்துபோன படையில் சீக்கியர்களும் இருந்தனர். 1910-இல் பிரிட்டிஷார் உள்நாட்டைக் கைவிட்டுக் கடற்கரைக்கே ஒதுங்கினர். 1920-இல் விமானங்களிலிருந்து குண்டு வீசித் தர்வேஷ் கோட்டைகளைத் தகர்த்த பின்னரே அந்தக் கிளர்ச்சி அடங்கியது. ஏறத்தாழ 68,000 சதுர மைல் பரப்புள்ள அந்நாட்டில் ஆட்சி என்பது சில மாவட்டத் தலைமையிடங்களும், சிறு ஒட்டகப் படையும், சம்பளம் பெறும் அகில் என்னும் குலத்தலைவர்களுமாகச் சுருங்கி இருந்தது.

எல்லைக்கோட்டைத் தரையில் குறிக்கும் வேலை 1930-களின் தொடக்கத்தில்தான் நடந்தது. பிரிட்டிஷ்-எத்தியோப்பியக் கூட்டு ஆணையம் ஒன்று அடையாளங்களை நிறுவிய பின், குலங்களின் மேய்ச்சல் நிலங்களை நேரில் ஆராயத் தெற்கே சென்றது. 1934 நவம்பரில் அது வால்வால் என்னும் கிணற்றிடத்தை அடைந்தபோது, அங்கே இத்தாலியப் படை கொடி நாட்டி அமர்ந்திருப்பதைக் கண்டது. பிரிட்டிஷ் அதிகாரி கிளிஃபர்டு மறுப்புத் தெரிவித்துவிட்டுப் பின்வாங்கினார். எத்தியோப்பியக் காவல் படை விலகவில்லை. டிசம்பர் 5-ஆம் நாள் மோதல் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட எத்தியோப்பியர் மாண்டனர். முசோலினி அதனைச் சாக்காகக் கொண்டார். 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுத்தது; உலக நாடுகள் சங்கத்தின் மதிப்பு அத்துடன் குலைந்தது. ஒட்டகங்கள் எங்கே நீர் குடிப்பது என்று ஆராயப் புறப்பட்ட ஒரு பயணம் உலக வரலாற்றின் ஒரு திருப்பத்தில் போய் முடிந்தது. நீர்நிலையை ஆள்பவனே நாட்டை ஆள்வான் என்பதை இத்தாலியர் அறிந்திருந்தனர்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் கோட்டைச் சில ஆண்டுகள் அழித்தது எனலாம். 1940 ஆகஸ்டில் இத்தாலியர் பெர்பெராவைப் பிடித்தனர். அப்போது எதிர்த்து நின்றவர்களிலும், 1941 மார்ச்சில் ஏடனிலிருந்து கடல் கடந்து வந்து துறைமுகத்தை மீட்டவர்களிலும் பஞ்சாப் படைப்பிரிவுகள் இரண்டு இருந்தன. இத்தாலியர் வீழ்ந்தபின், பிரெஞ்சுப் பகுதி நீங்கலாகச் சோமாலியர் வாழும் நிலம் முழுவதும் பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. தலைமையிடம் பெர்பெராவிலிருந்து ஹர்கேசாவுக்கு மாறியது. ஹவுத்தில் எந்தப் பக்கம் புல் இருந்தாலும் கேட்பாரின்றி மேய்க்கலாம் என்ற நிலை மீண்டும் வந்தது. 1946-இல் பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், இந்நிலங்களை ஒரே நிர்வாகத்தில் வைக்கலாம் என்று ஒரு யோசனை கூறினார். மற்ற வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை.

எத்தியோப்பியா தன் நிலத்தைத் திரும்பக் கேட்டது. 1948-இல் ஒகாடேன் திருப்பித் தரப்பட்டது. 1954 நவம்பரில் செய்த உடன்பாட்டின்படி 1955 பிப்ரவரி 28-ஆம் நாள் ஹவுத்தும் கைமாறியது. ஹர்கேசாவில் மக்கள் கொதித்தெழுந்தனர். மூத்தோர் குழு ஒன்று லண்டனுக்குச் சென்றது. அதில் இடம்பெற்ற மைக்கேல் மரியானோ முதலியோர் ஐக்கிய நாடுகள் சபையையும் நாடினர். அவர்கள் கையில் இருந்த ஆவணம், 1884-86 உடன்படிக்கைகளே. நாங்கள் எம் நிலத்தை உங்களிடம் காக்கக் கொடுத்தோம். எம்மைக் கேளாமல் நீங்கள் அதை எப்படிப் பிறருக்குக் கொடுக்க முடியும்? இதுவே அவர்கள் வாதம். 1897 உடன்படிக்கைக்காகப் பிரிட்டிஷ் அமைச்சர் பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அதனை மாற்ற இயலாது என்றார். மேய்ச்சலுரிமையைக் கவனிக்கப் பிரிட்டிஷ் தொடர்பு அதிகாரிகள் ஹவுத்தில் சிறிது காலம் இருக்கலாம் என்பது ஒன்றே கிடைத்த ஆறுதல்.

அந்தக் கொதிப்பே விடுதலை இயக்கத்துக்கு வேகம் தந்தது. 1960 ஜூன் 26-ஆம் நாள் பிரிட்டிஷ் சோமாலிலாந்து விடுதலை பெற்றது. ஜூலை 1-ஆம் நாள் முன்னாள் இத்தாலியப் பகுதியோடு இணைந்து சோமாலியக் குடியரசு பிறந்தது. அதன் கொடியிலுள்ள விண்மீனின் ஐந்து முனைகள் சோமாலியர் வாழும் ஐந்து பகுதிகளைக் குறிப்பன. எத்தியோப்பியாவின் ஆட்சியில் இருந்த பகுதியும் அவற்றுள் ஒன்று. கொடியில் எழுதிய உரிமை போர்க்களத்துக்கும் சென்றது. 1964-இல் எல்லையில் சண்டை மூண்டது. 1974-75-இல் தபதேர், அதாவது நீண்ட வால் கொண்டது, என்று மக்கள் பெயரிட்ட பெரும் பஞ்சம் மந்தைகளை அழித்தது. 1977-78-இல் இரு நாடுகளுக்குமிடையே முழுப்போர் நடந்தது. சோமாலியா தோற்றுத் திரும்பியது. எண்ணற்ற ஏதிலிகள் வடமேற்கு மாவட்டங்களில் வந்து குவிந்தனர்.

பத்தாண்டுகள் கழித்து அதே கோடு எதிர்ப்பக்கமாகக் கடக்கப்பட்டது. 1988 மே மாதத்தில் சோமாலிய தேசிய இயக்கத்தார் புராவையும் ஹர்கேசாவையும் தாக்கினர். சியாத் பாரேயின் அரசு தன் சொந்த நகரங்களின்மீதே குண்டு வீசியது. இலட்சக்கணக்கானோர் தெற்கே ஓடி, எத்தியோப்பியப் பக்கத்து ஹவுத்தில் முகாம்களில் தங்கினர். மழைக்காக நடந்து பழகிய தடங்களே அவர்களுக்கு உயிர் தப்பும் வழிகளாயின. 1991-இல் அவ்வரசு வீழ்ந்ததும் அவர்கள் திரும்பினர். அவ்வாண்டு மே 18-ஆம் நாள் புராவில் கூடிய மாநாட்டில் சோமாலிலாந்து தனிநாடென்று அறிவிக்கப்பட்டது. 1993-இல் போராமாவில் மூத்தோர் மாதக்கணக்கில் அமர்ந்து பேசி ஓர் ஆட்சி முறையை வகுத்தனர். மரநிழலில் கூடிய பழைய அவை, கூர்த்தி என்னும் பெயருடன் சட்டமன்றத்தின் மேலவையாயிற்று. உலக நாடுகளின் ஏற்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிட்டாமல் இருந்தபோதும், அந்த ஆட்சி நிலைத்து நின்றதற்கு இந்தப் பழைய வேர் ஒரு காரணம். குறைகளும் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷார் வரைந்த கிழக்கெல்லையை ஏற்காத குலங்கள் சூல், சனாக் பகுதிகளில் உண்டு. லாஸ் அனோத் நகரில் 2023-இல் நடந்த சண்டை அதனைக் காட்டியது.

கோட்டின் தென்புறத்திலும் மாற்றம் வந்தது. பேரரசர் காலத்தில் ஹராரை மையமாகக் கொண்ட மாகாணத்தில் அடங்கியிருந்த அந்நிலம், 1995-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி எத்தியோப்பியக் கூட்டாட்சியில் சோமாலி மாநிலம் என்னும் உறுப்பாயிற்று. ஜிஜிகா அதன் தலைநகர். மாநிலம் மண்டலங்களாகவும், மண்டலம் வொரெடா என்னும் வட்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. அலுவலகங்களில் சோமாலி மொழி வழங்குகிறது. தன் மொழியில் மனு எழுதலாம் என்பது சிறு செய்தியன்று. எனினும் அங்கும் நெடுங்காலம் ஆயுதக் கிளர்ச்சி நடந்தது. ஒகாடேன் தேசிய விடுதலை முன்னணியோடு 2018-இல்தான் சமாதானம் ஏற்பட்டது.

இவற்றோடு, ஆரவாரமின்றி வந்த ஒரு மாற்றத்தையும் கூற வேண்டும். 1950-களுக்குப் பிறகு ஹவுத்தில் பிர்க்கத் எனப்படும் சிமெண்டுத் தொட்டிகள் பெருகின. தரையில் வெட்டி, மழைநீரைத் தேக்கி, வறட்சியில் விற்கும் தொட்டிகள் இவை. நீர் இல்லாத புல்வெளியில் நீர் கிடைத்தது; ஊர்கள் முளைத்தன. ஆனால் மழைக்குப் பின் சில மாதம் மேய்ந்து, பிறகு ஆறப் போட்டிருந்த நிலம் ஆண்டு முழுதும் மேயப்பட்டுப் புல் குன்றியது. பொதுவாக இருந்த இடத்தில் வேலிகளும் எழுந்தன. எல்லைக்கோடு செய்யத் தவறியதைத் தொட்டியும் வேலியும் செய்யத் தொடங்கிவிட்டன என்று அஞ்சுவோர் உளர்.

இன்றும் எத்தியோப்பியப் பக்கத்து ஆடுகளும் ஒட்டகங்களும் கோட்டைக் கடந்து பெர்பெராவுக்கு வந்து, ஹஜ் காலத்தில் அரபு நாட்டுக்குக் கப்பலேறுகின்றன. ஏடன் படையினருக்கு ஆடு அனுப்பிய அதே துறைமுகந்தான் அது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2010-ஆம் ஆண்டில் வகுத்த மேய்ச்சல் கொள்கையும், மந்தைகள் எல்லை கடப்பதைக் குற்றமாகக் கருதாமல் வாழ்க்கை முறையாக ஏற்று ஒழுங்கு செய்ய வேண்டும் என்றே கூறுகிறது. 1897-இல் எழுதி வைத்துவிட்டுக் காப்பாற்றாமல் விட்ட வாக்கு அதுவே.

நேயர்களே, எல்லைகள் இல்லாமல் அரசுகள் இயங்கா. ஆனால் எல்லை வகுப்போர், அந்நிலத்தில் வாழ்வோரை முதலில் கேட்க வேண்டும். அவர்கள் நடந்து பழகிய வழியை அடைக்காமல் வகுக்க வேண்டும். கொடுத்த உரிமையைக் காக்க ஓர் அலுவலரையாவது அங்கே அமர்த்த வேண்டும். இந்த மூன்றும் தவறியதால் ஒரு புல்வெளி நூறாண்டு துன்புற்றது. ஹவுத்தில் கூ மழை பெய்தால் மந்தைகள் இவ்வாண்டும் தெற்கே நடக்கும். அவை எந்தத் தடையுமின்றித் திரும்பி வருமா என்பதைக் கொண்டே அங்குள்ள ஆட்சியை நாம் மதிப்பிடலாம்.